நத்தார் துப்புரவும் கணினித் திரையும்

நத்தாருக்கு முந்திய இரண்டு கிழமைகளில் நமது வீடுகளில் துடைக்கப்படாத பொருள் ஒன்றுமிராது. ஊரிலே சுவருக்கு வெள்ளையடித்து, ஒட்டறை தட்டி, கதிரைகளை முற்றத்தில் போட்டுக் கழுவிய பழக்கம் கடல் கடந்து லண்டன் வரைக்கும் வந்திருக்கிறது. இங்கே வெள்ளையடிக்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். அதனால் யன்னற் சீலைகள் கழற்றித் தோய்க்கப்படுகின்றன, குசினி அலுமாரிகளின் எண்ணெய்ப் பிசுக்கு சுரண்டப்படுகிறது, கரோல் குழு வரும் இரவுக்கு முன் முன்னறை பளபளக்கிறது. அந்த வேகத்தில் யன்னல் கண்ணாடிக்கு அடித்த அதே திரவமும் அதே துணியும் மேசைமேல் இருக்கும் கணினித் திரைக்கும் போய்விடுகின்றன.

அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறோம்.

எங்கள் வாலிபர் ஐக்கியம், சபையார் பாவித்து முடித்த மடிக்கணினிகளைச் சேர்த்துத் திருத்தி, இந்நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறது. வந்துசேரும் கணினிகளில் பற்றரி செத்தவை உண்டு. எழுத்து விசை கழன்றவை உண்டு. பத்து வருடத்துப் பாண் துகள்களை விசைப்பலகைக்குள் சேமித்து வைத்திருப்பவையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. மனதை வருத்துபவை வேறு. உள்ளே எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்; ஆனால் மூடியைத் திறந்தால் திரையின் நடுவிலே வெண்மேகம் படர்ந்ததுபோல் ஒரு மங்கல். துடைத்தால் போகாது, ஏனென்றால் துடைத்ததனால்தான் அது வந்தது. கர்த்தருடைய பிள்ளைகளுக்குக் கொடுப்பதை அழுக்காகக் கொடுக்கக்கூடாதென்று, கொடுப்பதற்கு முதல்நாள் இரவு நல்ல மனதோடு, நல்ல பலத்தோடு தேய்த்திருக்கிறார்கள். பழைய மடிக்கணினிக்குப் புதுத் திரை போடும் செலவு பல வேளைகளில் அந்தக் கணினியின் பெறுமதியைவிட அதிகம். அப்படி ஒன்று கழிந்தால், பட்டியலில் இருக்கும் ஒரு பிள்ளை இன்னும் கொஞ்சக் காலம் தாயின் கைப்பேசியில்தான் வீட்டுப்பாடம் செய்யவேண்டும்.

அது கண்ணாடி என்று நினைப்பதுதான் சிக்கல்

நம் பெற்றோரையும் அம்மம்மாமாரையும் இதில் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பழகிய தொலைக்காட்சிப் பெட்டியும் முதற்காலக் கணினியும் படக்குழாய் வைத்தவை. அதன் முகம் தடித்த கண்ணாடி. ஓடவிட்டால் அதன்மேல் நிலைமின் ஏறி வீட்டுத் தூசியையெல்லாம் இழுக்கும். கையை அருகே கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கும். அதை ஈரச் சீலையால் துடைத்தாலும், பழைய பத்திரிகைக் கடதாசியால் தேய்த்தாலும், யன்னல் திரவம் அடித்தாலும் கண்ணாடி தாங்கிக்கொண்டது. அன்றைக்கு அது சரியான பழக்கம்.

இன்றைய தட்டைத் திரையின் அமைப்பு வேறு. பின்னால் ஒரு வெண்ணொளி. அதற்கு முன்னால், ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் ஒரு படலம். இதை முனைவாக்கப் படலம் என்பார்கள். பிறகு மிக மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு இடையே, ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்திலொன்றுக்கும் குறைந்த இடைவெளியில், திரவப் படிகம் நிரப்பப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால் இன்னுமொரு முனைவாக்கப் படலம். சாதாரண மடிக்கணினியிலும் மேசைத் திரையிலும் நம் விரல் படுவது இந்தக் கடைசிப் படலத்தில்தான். அது பிளாஸ்டிக்.

இந்தப் படலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க இளைஞர் 1929இல், தமது இருபதாவது வயதில், முனைவாக்கத் தாளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் செய்தார். பிற்பாடு வந்த வகை, அயடீன் ஏற்றிய பிளாஸ்டிக்கை ஒரே திசையில் இழுத்து நீட்டிச் செய்வது. அது தனியே மிக மெலிதானது, ஈரத்துக்கு ஆகாதது. ஆகவே இருபுறமும் இன்னொரு பிளாஸ்டிக்கால் மூடுவார்கள். பல திரைகளில் அந்த மூடி, சினிமாப் பிலிம் சுருள்களுக்குப் பயன்பட்ட அதே செலுலோசு ட்ரையசிற்றேற்று. அதன்மேல், மின்விளக்கின் ஒளி கண்ணைக் கூசாதபடி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களைக் கொண்ட ஒரு பூச்சு. அந்தப் பூச்சு அரிக்கப்பட்டோ தேய்ந்தோ போனால்தான் நாம் சொன்ன வெண்மேகம் வருகிறது.

ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் விரும்பினால் இதைப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் காட்டலாம். முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடியை, அதாவது கார் ஓட்டுவோரும் மீன்பிடிப்போரும் அணியும் வகையை, மடிக்கணினித் திரைக்கு முன் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். கணினி அணையவில்லை, அந்தப் படலத்தின் வழியாக வந்த ஒளியைக் கண்ணாடி மறித்துவிட்டது. பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள். பெரியவர்களும் நாலு தரம் சுழற்றிப் பார்ப்பார்கள் என்பது நாங்கள் கண்டது.

உங்கள் வீட்டுத் திரை எந்த வகை என்று அறிய, அதை அணைத்துவிட்டு அதில் மின்விளக்கின் நிழலைப் பாருங்கள். விளக்கு மங்கிய வெள்ளைப் புகையாகத் தெரிந்தால் மேலே கூசா பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் படலம். விளக்கின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்பு வகை. தொட்டு இயக்கும் திரைகளிலும் கைப்பேசிகளிலும் மேலே உண்மையான கண்ணாடி இருக்கும். ஆனால் அதன்மேலும் எண்ணெய் ஒட்டாதிருக்க ஒரு பூச்சு இருக்கும். பளபளப்பதெல்லாம் கண்ணாடியுமல்ல, சில மடிக்கணினிகளில் அதுவும் பிளாஸ்டிக்தான். தெரியாவிட்டால் பிளாஸ்டிக் என்றே எண்ணிக்கொள்ளுங்கள், நட்டம் வராது.

எவை ஆகாது

யன்னல் துடைக்கும் திரவங்களில் பலவற்றில் அமோனியா இருக்கிறது. கண்ணாடிக்கு அது நல்லது, பூச்சுக்கு நஞ்சு. நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். திரை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் சட்டமும் இளகும். ப்ளீச், குசினி எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் ஸ்பிரே, குளியலறைத் தூள் இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம் என்று குடும்ப வாட்ஸப் குழுக்களில் ஒரு குறிப்பு வருடா வருடம் சுற்றுகிறது. அது அமிலம். பூச்சு என்ன பொருளென்று தெரியாமல் அதன்மேல் அமிலம் வைக்க எங்களுக்குத் துணிவில்லை, அவசியமும் இல்லை.

கைச் சுத்திகரிப்பு ஜெல் கோவிட் காலத்திலிருந்து எல்லாப் பைகளிலும் இருக்கிறது. அதில் தோல் வறளாதிருக்கச் சேர்த்த கிளிசரின் போன்றவை திரையிலே பிசுபிசுப்பாகத் தங்கும். தனி அல்ககோலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஆப்பிள் நிறுவனம் 2020 மார்ச்சில், தொற்றுப் பரவியபோது, தன் பொருட்களின் கடினமான மேற்பரப்புகளை 70 சதவீத ஐசோப்ரொபைல் அல்ககோல் துடைப்பான்களால் மென்மையாகத் துடைக்கலாம் என்று தன் வழிகாட்டலை மாற்றியது. அது அவர்கள் தங்கள் பொருட்களுக்குச் சொன்னது. அதை வைத்துக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் பழைய மங்கற் திரையில் அல்ககோலைத் தேய்க்கக்கூடாது. உங்கள் கணினியின் கைந்நூலில் அல்ககோல் ஆகும் என்று இருந்தால் மட்டும், அதில் சொன்ன அளவில் பாவியுங்கள்.

கடதாசி மென்மையானது என்று நினைக்கிறோம். ரிஷூவும் குசினிக் கடதாசிச் சுருளும் மரநாரால் ஆனவை. பிளாஸ்டிக் படலத்தின்மேல் அவை திரும்பத் திரும்ப உரசினால் மெல்லிய கீறல்கள் விழும். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிற அப்பப்பாக்களின் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நாங்கள் சொல்வது விளங்கும்.

ஒரு துணியும் கொஞ்சம் பொறுமையும்

வேண்டியது மைக்ரோஃபைபர் துணி. பொலியெஸ்டரையும் நைலோன் வகையையும் சேர்த்து நூற்று, ஒவ்வொரு நாரையும் பல இழைகளாகப் பிளந்திருப்பார்கள். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த இழைகளின் விளிம்புகள் எண்ணெயையும் தூசியையும் திரையிலிருந்து எடுத்துத் தமக்குள்ளே வைத்துக்கொள்கின்றன. பருத்திச் சீலை அழுக்கை இங்கிருந்து அங்கே தள்ளும், இது எடுத்துவிடும். 2021 அக்டோபரில் ஆப்பிள் ஒரு துடைக்கும் துணியை 19 டொலருக்கு விற்பனைக்கு விட்டு உலகத்தைச் சிரிக்க வைத்தது. அந்த விலை தேவையில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கியபோது கூட்டுக்குள் வைத்துத் தந்த துணி இலாச்சிக்குள் எங்கேயோ கிடக்கும், அதுவே போதும். அதைத் தோய்க்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கவேண்டாம், அது இழைகளை மூடிவிடும். துவாய்களோடு போடவும் வேண்டாம், தும்பு ஒட்டும். தரையில் விழுந்த துணியைத் திரைக்குத் திரும்ப எடுக்காதீர்கள். அதில் ஒரு மணற்துகள் ஏறியிருந்தால் அதுவே கீறிவிடும்.

முதலில் கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரையும் பிளக்கையும் கழற்றி, திரை ஆறும்வரை விடுங்கள். மின்சாரப் பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொன்று, கறுத்த திரையில்தான் அழுக்கு எங்கே இருக்கிறதென்று தெரியும். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு விழும் என்பது மூன்றாவது.

பிறகு உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாக, குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல. இந்த உலர் துடைப்பை விட்டுவிட்டு நேரே ஈரத்துக்குப் போவதுதான் பலர் செய்வது. திரையில் இருக்கும் தூசியில் கடினமான துகள்கள் உண்டு. அவற்றை எடுக்காமல் ஈரத்தோடு தேய்த்தால் உப்புத்தாள் பிடித்ததுபோலாகும். மடிக்கணினியானால் மூடியின் பின்புறத்தை மறு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தவே கூடாது. உள்ளே இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறிதென்று மேலே சொன்னோம். எரியும் திரையை விரலால் அழுத்தினால் நிறங்கள் குளத்தலைபோல் ஓடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

பெரும்பாலான நாட்களில் வேலை இதோடு முடிந்துவிடும். உண்மையாகவே முடிந்துவிடும். மிச்சம் ஏதும் இருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் துணியின் ஒரு மூலைக்கு. பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத அளவு ஈரம். திரையின்மேல் நேராக ஸ்பிரே அடிக்கவே கூடாது. அடித்த துளிகள் வழிந்து கீழ் விளிம்பின் இடுக்குக்குள் புகும். பல மடிக்கணினிகளில் படத்தை இயக்கும் மிக மெல்லிய மின்னிணைப்புகள் அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கின்றன. ஒரு துளி போதும், திரையில் நிரந்தரமாகக் கோடு விழ. இன்னும் கீழே வழிந்தால் விசைப்பலகை.

இங்கே லண்டனில் வசிப்பவர்களுக்குத் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் குழாய்த் தண்ணீர் சுண்ணப்பாறைப் பிரதேசத்திலிருந்து வருவது, கடினநீர். கேத்தலைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். அதே தண்ணீரால் திரையைத் துடைத்தால் அதே சுண்ணாம்பு திரையில் புள்ளியாகக் காயும். அதை எடுக்க இன்னும் தேய்ப்போம், பிறகு கதை உங்களுக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டிக்கும் கார் பற்றரிக்கும் ஊற்றும் டீஅயனைஸ்ட் வாட்டர் கார்ச் சாமான் கடைகளிலும் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு கலன் வாங்கினால் ஒரு தெருவுக்கே வருடக்கணக்கில் காணும். வடித்த நீரும் நல்லது. கொதித்தாறிய நீர் இதற்கு உதவாது. கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி கேத்தலில் தங்கும், மற்ற உப்புகள் நீரிலேயே இருக்கும்.

நமது வீடுகளுக்கென்றே இரண்டு அழுக்குகள் உண்டு. ஒன்று குசினி எண்ணெய்ப் புகை. சிறிய வீடு, குசினி மேசையில்தான் பிள்ளை படிக்கும், பக்கத்தில் தாளிதம் நடக்கும். அந்தப் புகை மெல்லிய எண்ணெயாகத் திரையில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, மாதக்கணக்கில் ஒரு மஞ்சள் மங்கலாகிறது. மற்றது, மடிக்கணினியை மூடும்போது விசைகளில் இருக்கும் விரலெண்ணெய் திரையில் பதிந்து வரும் சிறு சதுர அடையாளங்கள். இரண்டையும் கண்டதும் கை அழுத்தத்தான் போகும். அழுத்தாமல், ஈரத் துணியை அந்த இடத்தில் பத்துப் பதினைந்து வினாடி சும்மா வைத்திருங்கள். ஊறிய பின் மெதுவாக எடுங்கள். போகாவிட்டால் திரும்பவும் வையுங்கள், திரும்பவும் எடுங்கள். மூன்று தரத்தில் போகாதது நான்காவதில் போகும். போகாவிட்டாலும் எரியும் திரையில் அது அநேகமாகத் தெரியாது. அப்படியே விடுவது திரையைக் கெடுப்பதைவிட மேல். கடைசியில் உலர்ந்த பக்கத்தால் ஒரு தரம் துடைத்து, முற்றாகக் காய்ந்த பிறகுதான் கணினியைப் போடவேண்டும்.

எத்தனை துடைத்தும் போகாத ஒரு புள்ளி இருந்தால், அணைத்த திரையில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஒன்றும் தெரியாமல், போட்டவுடன் மட்டும் புள்ளி தெரிந்தால், அது அழுக்கல்ல, செத்த படப்புள்ளி. துணிக்கு அங்கே வேலையில்லை.

கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் பவுல் கண்ணாடியைப் பற்றிச் சொல்லும்போது, அவர் மனதில் இருந்தது நமது குளியலறைக் கண்ணாடி அல்ல. அந்நாட்களில் முகம் பார்த்தது மெருகிட்ட உலோகத்தில், பெரும்பாலும் வெண்கலத்தில். கொரிந்து பட்டணம் வெண்கல வேலைக்குப் பேர்போனது. அவருடைய வாசகர்களுக்கு அந்த மங்கல் என்னவென்று நன்றாய்த் தெரிந்திருக்கும். வெண்கலத்தை எவ்வளவு தேய்த்தாலும் அது துலங்கும். நமது கையிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது: குத்துவிளக்கானாலும் செம்பானாலும் பலமாகத் தேய்த்தால் பளபளப்பு. திரை ஒன்றுதான் அந்த முறைக்குள் அடங்காதது.

வாலிபர்களே, வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்பதும் எங்களுக்குக் கவலை. "தொடாதேங்கோ அம்மம்மா, உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவது சுலபம். ஆனால் அந்தக் கணினியில்தான் அவர் முழங்கால் நோவுள்ள ஞாயிறுகளில் ஆராதனை பார்க்கிறார். அதில்தான் நத்தார் காலையில் மானிப்பாயிலோ மட்டக்களப்பிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் சகோதரியின் முகத்தைப் பார்க்கிறார். அந்த முகம் தெளிவாகத் தெரியவேண்டும் என்றுதான் அவர் துடைக்கிறார். தடுக்கவேண்டாம், துணியை மாற்றிக் கொடுங்கள். "அம்மம்மா, இது கண்ணாடியில்லை, பிளாஸ்டிக். இந்தத் துணியாலை மெல்லமாத் தடவினாக் காணும், தண்ணி வேண்டாம்" என்று சொல்லி, ஒரு தரம் அவர் கையாலேயே செய்யவிடுங்கள். துணியை ஒரு சிறு உறையில் போட்டு, கணினிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்; தேட வேண்டியிருந்தால் கைக்குக் கிடைத்த ரிஷூதான் வரும். அந்த யன்னல் திரவப் போத்தலைக் குளியலறை அலுமாரிக்கு இடம்மாற்றுவதும் உங்கள் வேலை.

நத்தாருக்கு முன் இன்னும் சில மடிக்கணினிகளைக் கையளிக்க எண்ணியிருக்கிறோம். உங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தால், எந்த ஞாயிறாவது ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்தில் மண்டபத்தின் பின்மேசைக்குக் கொண்டுவாருங்கள். சார்ஜரையும் மறவாமல் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் எடுத்துவிட்டுத் தாருங்கள். திரையில் மூன்று வருடத்துத் தூசியும் பேரப்பிள்ளையின் விரலடையாளமும் இருந்தால் இருக்கட்டும், துடைக்காமல் தாருங்கள்.